கணக்குப் படிக்கும் பிள்ளைக்குச் சந்தையைக் காட்டுங்கள்

புதிய கணக்கியல் மாணவர்களின் வழிகாட்டல் நாளில் வியாபாரிக்கும் ஓர் ஆசனம் உண்டு

க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளிவந்த கையோடு, வர்த்தகப் பிரிவில் சித்தியடைந்த பிள்ளைகள் பலர் கணக்கியல் வகுப்புகளில் பதிவு செய்துகொள்வது ஒவ்வோர் ஆண்டும் நடப்பது. பதிந்து சில வாரங்கள் செல்வதற்குள் பிள்ளை வந்து சொல்வான்: "வாப்பா, சனிக்கிழமை பாடம் இல்லை. புதிய மாணவர்களுக்கு ஒருநாள் நிகழ்ச்சி வைக்கிறார்கள். குழு விளையாட்டுகள் இருக்கு. சிரேஷ்ட மாணவர்களும் தொழிலில் இருப்பவர்களும் வருகிறார்கள்." கடையில் ஆள் போதாமல் நிற்கும் வாப்பாவின் வாயில் வரும் முதற் கேள்வி, "விளையாடுவதற்கா காசு கட்டினேன்?" என்பதுதான்.

கேள்வி நியாயமானது. காசு கட்டுபவர் கேட்கத்தான் வேண்டும். ஆனால் பதிலைக் கேட்காமலே பிள்ளையை அன்று கடையில் நிறுத்திக்கொள்பவர், கட்டிய காசின் பெறுமதியான ஒரு பங்கை இழந்துவிடுகிறார். அது மட்டுமல்ல, அந்த நாளில் வியாபாரியான அவருக்கே செய்ய ஒரு வேலை இருக்கிறது. அது என்ன என்பதை இவ்வாரம் இப்பக்கத்தில் பார்ப்போம்.

பதிவது இலகு, முடிப்பது கடினம்

கணக்கியல் தொழிலுக்கு எமது நாட்டில் பாதைகள் பல. 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் நடத்தும் சீ.ஏ. ஒன்று. சாதாரண தரத்துடனேயே தொடங்கக்கூடிய ஏ.ஏ.டி. மற்றொன்று, அது 1987 முதல் இங்கு இயங்கி வருகிறது. பிரித்தானியாவைத் தளமாகக் கொண்ட சீமா, ஏ.சி.சி.ஏ. ஆகியனவும் உண்டு. பல்கலைக்கழகம் கிடைத்த பிள்ளைகள் ஸ்ரீ ஜயவர்தனபுர, ஒலுவில் தென்கிழக்கு என முகாமைத்துவ பீடங்களுக்குச் செல்கிறார்கள்.

எந்தப் பாதையானாலும் அனுபவம் ஒன்றுதான். வகுப்பின் முதல் நாளில் கதிரை போதாது. ஓராண்டு கழிந்தால் பின்வரிசைகள் வெறிச்சோடிக் கிடக்கும். இடையில் நின்றுபோகும் பிள்ளைகள் எல்லோரும் மூளை இல்லாதவர்கள் அல்லர். உயர்தரத்தில் 'ஏ' எடுத்த பிள்ளையும் அவர்களுக்குள் இருப்பார்.

காரணம் என்ன? பாடசாலையில் வரவு, செலவு, பேரேடு, பரீட்சை மீதி, பெறுமானத் தேய்வு என்று தமிழில் படித்த பிள்ளை, கொழும்பு வகுப்பில் டெபிட், கிரெடிட், லெஜர், ட்ரயல் பெலன்ஸ், டிப்ரிசியேஷன் என்று கேட்கிறது. விடயம் ஒன்றுதான். ஆனாலும் கையை உயர்த்திக் கேள்வி கேட்கும் துணிவு அன்றோடு போய்விடுகிறது. காத்தான்குடியிலிருந்தோ புத்தளத்திலிருந்தோ வந்து, தெமட்டகொடையில் ஒரு போடிங்கில் தங்கியிருக்கும் பிள்ளைக்கு, விளங்காத கணக்கை யாரிடம் கேட்பது என்று தெரியாது. பக்கத்துக் கதிரையில் இருப்பவரின் பெயர்கூடத் தெரியாது. முதற் பரீட்சையில் ஒரு பாடம் தவறும். அது இத்துறையில் மிகச் சாதாரணம் என்று சொல்லித் தேற்ற அருகில் ஒருவரும் இல்லை. இரண்டாம் முறை பதிவதற்கு வீட்டில் காசு கேட்க வெட்கம். "எனக்கு இது சரிவராது" என்று ஊருக்குத் திரும்பிவிடுகிறது.

இந்த இடத்தைத்தான் அந்த ஒருநாள் நிகழ்ச்சி குறிவைக்கிறது.

தனித்துப் படித்தவர், கூடிப் படித்தவர்

1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியர் ஒரு விடயத்தைத் தேடிப் பார்த்தார். கறுப்பின மாணவர்கள் பலர் முதலாண்டுக் கணித பாடத்தில் தவறிக்கொண்டிருந்தார்கள். சீன வம்சாவளி மாணவர்களோ நன்றாகச் செய்தார்கள். வறுமை, பாடசாலையின் தரம், பெற்றோரின் அக்கறையின்மை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லப்பட்டது. ட்ரைஸ்மன் இரு பகுதியினரையும் அவர்கள் படிக்கும் இடங்களுக்கே சென்று மாதக்கணக்கில் அவதானித்தார்.

கறுப்பின மாணவர்கள் கடுமையாக உழைத்தார்கள். ஆனால் தனியாகப் படித்தார்கள். பாடம் வேறு, நண்பர்கள் வேறு என்று பிரித்து வைத்திருந்தார்கள். சீன மாணவர்கள் பாடத்தைத் தனியாகச் செய்துவிட்டு, மாலையில் கூடி விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒருவரின் பிழையை மற்றவர் திருத்தினார். எல்லோரும் ஒரே இடத்தில் தடுமாறினால், அது தன்னுடைய குறையல்ல, கணக்கே கடினம் என்று ஒவ்வொருவருக்கும் விளங்கியது. இதைக் கண்டுகொண்ட ட்ரைஸ்மன், மாணவர்களைக் குழுக்களாக்கி, கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கூடிச் செய்யவைத்தார். அக்குழுக்களில் சேர்ந்த கறுப்பின மாணவர்களின் பெறுபேறுகள் வெகுவாக உயர்ந்தன.

கணக்கியல் படிக்கும் எமது பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். ஐந்தொகை சமப்படாமல் இரவு பதினொரு மணிக்குத் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தேவைப்படுவது இன்னொரு புத்தகம் அல்ல, பக்கத்தில் இன்னோர் ஆள். முன்பின் அறியாத முப்பது பேரை ஒருநாளில் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்க வைப்பதற்கு விளையாட்டைவிட விரைவான வழி கிடையாது.

கோபுரம் கட்டும் விளையாட்டு

இத்தகைய நிகழ்ச்சிகளில் உலகெங்கும் பிரபலமான விளையாட்டு ஒன்றைச் சொல்கிறேன். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு 20 ஸ்பெகட்டிக் குச்சிகள், ஒரு யார் டேப், ஒரு யார் நூல், ஒரு மார்ஷ்மெலோ கொடுக்கப்படும். நேரம் 18 நிமிடம். குச்சிகளால் தானாக நிற்கும் ஒரு கோபுரம் கட்டி, உச்சியில் மார்ஷ்மெலோவை வைக்கவேண்டும். எந்தக் கோபுரம் உயரமோ அதற்கே வெற்றி. இங்கு செய்வதானால் குச்சிக்குப் பதில் ஈர்க்கும், உச்சியில் ஒரு சிறிய தேசிக்காயும் போதும். மார்ஷ்மெலோவின் ஜெலட்டின் ஹலாலா என்ற கேள்வியும் எழாது.

பீட்டர் ஸ்கில்மன் என்பவர் உருவாக்கிய இந்த விளையாட்டைப் பல நாடுகளில் நடத்திப் பார்த்த டொம் வுஜெக், 2010இல் தமது அனுபவத்தை ஓர் உரையில் சொன்னார். வணிகப் பட்டதாரி மாணவர்கள் மிக மோசமாகச் செய்தவர்களுள் இருந்தார்கள். பாலர் வகுப்புச் சிறுவர்கள் அவர்களைவிட உயரமாகக் கட்டினார்கள்.

காரணத்தை வியாபாரிகள் இலகுவாகப் பிடித்துக்கொள்வீர்கள். பட்டதாரிகள் யார் தலைவர் என்பதில் நேரத்தைச் செலவழித்து, ஒரு திட்டம் போட்டு, கடைசி நிமிடத்தில்தான் மார்ஷ்மெலோவை மேலே வைத்தார்கள். பாரம் ஏறியதும் கோபுரம் சரிந்தது. சிறுவர்களோ ஆரம்பத்திலேயே அதை மேலே வைத்துப் பார்த்தார்கள். விழுந்தது, திருத்தினார்கள். மீண்டும் விழுந்தது, மீண்டும் திருத்தினார்கள். ஒரு புதிய சரக்கை முதலில் இரண்டு டசின் எடுத்து விற்றுப் பார்க்கும் வியாபாரிக்கும், எடுத்த எடுப்பில் கொண்டெய்னர் இறக்குபவருக்கும் உள்ள வித்தியாசமே இது.

வுஜெக் இன்னொன்றையும் கவனித்தார். நிறுவனத் தலைவர்கள் மட்டுமே இருந்த குழுவைவிட, அவர்களோடு ஒரு நிர்வாக உதவியாளரும் சேர்ந்திருந்த குழு உயரமாகக் கட்டியது. நேரத்தைப் பார்த்து, ஆட்களை இணைத்து, வேலையை ஒழுங்குபடுத்தும் ஓர் ஆள் அங்கே இருந்தார். ஒரு வியாபாரத்தில் நல்ல கணக்காளர் செய்யும் வேலையும் ஏறத்தாழ அதுதான்.

சிரேஷ்ட மாணவனின் கை

விளையாட்டு முடிந்ததும் நிகழ்ச்சியின் முக்கிய பகுதி தொடங்கும். மூன்று, நான்கு புதியவர்களுக்கு ஒரு சிரேஷ்ட மாணவர் பொறுப்பாக்கப்படுவார். அவர் பாடம் நடத்துவதில்லை; தான் நடந்துவந்த பாதையில் குழி எங்கே, பள்ளம் எங்கே என்று காட்டுகிறார்.

ஓர் உதாரணம். பரீட்சை மீதியின் இரு பக்கமும் சமப்படவில்லை. வித்தியாசம் 900 ரூபா. வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கேயோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருக்கக்கூடும். 5,400 என்பதை 4,500 என்று எழுதியிருப்பார்கள். வித்தியாசம் இரட்டை எண்ணாயிருந்தால் அதன் பாதியைத் தேடவேண்டும். 4,700 ரூபா வித்தியாசமென்றால், 2,350 ரூபாத் தொகை ஒன்று வரவுப் பக்கம் பதியப்படவேண்டியது செலவுப் பக்கம் போயிருக்கலாம். புத்தகத்தில் இது ஒரு வரியில் கடந்துபோய்விடும். ஒரு நானா மேசையில் பென்சிலால் போட்டுக் காட்டினால் ஆயுளுக்கும் மறக்காது. கடையில் இரவு லாச்சிக் காசும் பில் மொத்தமும் ஒத்துவராதபோது நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம்.

சிரேஷ்ட மாணவர் என்றதும் எமது பெற்றோருக்குப் பகிடிவதை நினைவுக்கு வருவது இயல்பு. பகிடிவதைக்கு எதிராகவே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. எனினும் சட்டம் தண்டிக்கத்தான் முடியும். மூத்தவருக்கும் இளையவருக்குமிடையில் நல்ல உறவொன்றை அதனால் உருவாக்கிக் கொடுக்க முடியாது. முதல் வாரத்திலேயே மூத்தவருக்கு ஒரு பொறுப்பையும் இளையவருக்கு ஒரு பாதுகாப்பையும் கொடுக்கும் வழிகாட்டல் நாள், அந்த வெற்றிடத்தைக் கெட்டது வந்து நிரப்புவதற்கு முன்னர் நல்லதால் நிரப்பிவிடுகிறது.

மதீனாவில் நடந்தது

ஒருவருக்கு ஒருவரைத் துணையாக்கும் இம்முறை எமக்குப் புதியதல்ல. ஹிஜ்ரத்தின் பின்னர் நபி (ஸல்) அவர்கள் மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களையும் மதீனாவின் அன்ஸார்களையும் சகோதரர்களாக இணைத்துவைத்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களுக்குச் சகோதரராக அமைந்தவர் ஸஃது இப்னு ரபீஃ (ரழி) அவர்கள். மதீனாவின் செல்வந்தர்களுள் ஒருவரான அவர் தமது செல்வத்தில் பாதியைத் தருவதாகச் சொன்னார். அப்துர் ரஹ்மான் (ரழி) அவர்கள் அவருக்காகப் பரக்கத்தை வேண்டிவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று காட்டுமாறு மட்டும் கேட்டார்கள். பனூ கைனுகா சந்தை காட்டப்பட்டது. நெய்யும் பாலாடைக் கட்டியும் விற்று வியாபாரத்தைத் தொடங்கினார்கள். பின்னாளில் பெரும் செல்வந்தர்களுள் ஒருவரானார்கள். ஸஹீஹுல் புஹாரியில் பதிவாகியுள்ள இச்சம்பவத்தை நாம் ஜும்ஆவில் பலமுறை கேட்டிருக்கிறோம்.

இதில் இரு தரப்பையும் கவனியுங்கள். கொடுப்பவர் பாதிச் சொத்தையே கொடுக்க முன்வந்தார். பெறுபவர் கேட்டதோ வழியை. எமது சமூகம் கொடுப்பதில் குறை வைப்பதில்லை. புலமைப்பரிசில் கொடுக்கிறோம், புத்தகம் கொடுக்கிறோம், திறமைச் சித்தி பெற்றவர்களுக்கு மேடையில் பொன்னாடை போர்த்துகிறோம். மறுநாள் அந்தப் பிள்ளை யாரைச் சந்திக்கவேண்டும், எங்கே போகவேண்டும் என்று கையைப் பிடித்துச் சந்தையைக் காட்டுபவர்தான் குறைவு. பரிசு வாங்கிய பிள்ளைகளுள் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள் என்று எந்தச் சங்கமாவது ஐந்து வருடம் கழித்துத் தேடிப் பார்த்ததுண்டா?

வியாபாரிக்குத் தெரிந்தது, மாணவனுக்குத் தெரியாதது

வழிகாட்டல் நாள்களுக்குப் பெரிய கணக்காய்வு நிறுவனங்களிலிருந்தும் வங்கிகளிலிருந்தும் அதிகாரிகளை அழைக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் வியாபாரிகளிடம் வருவது பெனருக்கும் பகல் சாப்பாட்டுக்கும் அனுசரணை கேட்க மட்டுமே. வியாபாரியும் காசைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். அந்த மண்டபத்தில் இருக்கவேண்டிய ஆசிரியர் ஒருவர் அன்று கடையிலேயே நின்றுவிடுகிறார்.

பாடநூலில் 'அறவிடமுடியாக் கடன்' ஒரு வரி. அதன் பின்னால் இருக்கும் கதை வியாபாரிக்குத்தான் தெரியும். எந்த வாடிக்கையாளர் முதல் மூன்று முறை காசுக்கு வாங்கி நான்காம் முறை பெரிய தொகைக்குக் கடன் கேட்பார், திகதி பிந்திய காசோலை திரும்பி வந்தால் அவரோடு உறவு முறியாமல் எப்படிப் பேசுவது, நோன்புக்கு எடுத்த துணி பெருநாளன்று மீதமிருந்தால் எந்த விலைக்குத் தள்ளுவது, மழைக்கு நனைந்த மூட்டையைக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்பதெல்லாம் புறக்கோட்டைக் கடைத் தெருக்களில் நாளாந்தம் நடக்கும் பாடங்கள். ஒரு பிள்ளை ஒரு கடையில் இரண்டு மணித்தியாலம் நின்று சரக்கிருப்பை எண்ணிப் பார்த்தால், அதன்பின் பரீட்சை வினாத்தாளில் 'இருப்பு' என்ற சொல் வெறும் எண்ணாகத் தெரியாது.

வியாபாரி கொடுப்பது இது. அவர் பெறுவது என்ன?

ஒரு மாலை நேரக் கணக்கு

ஒரு சில்லறைக் கடையை உதாரணத்துக்கு எடுப்போம். மாத விற்பனை 20 இலட்சம் ரூபா. விற்ற சரக்கின் கொள்விலை 17 இலட்சம். மொத்த இலாபம் 3 இலட்சம். கடை வாடகை 60,000, இரண்டு மூன்று ஊழியர்களின் சம்பளம் 120,000, மின்சாரமும் தொலைபேசியும் 25,000, ஏற்றுக்கூலி, பை முதலியன 15,000. ஆக 220,000. கையில் மிஞ்சுவது 80,000.

இப்போது முதலாளி வீட்டுச் செலவு, பிள்ளைகளின் வகுப்புக் கட்டணம், கலியாண அன்பளிப்பு என்று லாச்சியிலிருந்து அவ்வப்போது எடுப்பதைக் கூட்டிப் பார்த்தால் மாதம் 150,000 வருகிறது. அவர் இதை எங்கேயும் எழுதுவதில்லை. மாதம் 70,000 ரூபா முதலிலிருந்து கரைகிறது. வருடத்துக்கு 840,000. அவருக்கு இது ஏன் தெரியவில்லை? கடை நிறையச் சரக்கு இருக்கிறது. மொத்த வியாபாரி இரண்டு மாதத் தவணையில் தருகிறார். லாச்சியில் எப்போதும் காசு இருக்கிறது. அந்தக் காசு தன்னுடையதல்ல, கடன்கொடுத்தவருடையது என்பது, தவணைகள் ஒன்றாக வந்து நிற்கும் நாளில்தான் தெரியவரும். ஊரில் "நன்றாய் ஓடிய கடை திடீரென்று விழுந்துவிட்டது" என்று பேசிக்கொள்வார்கள். திடீரென்று எதுவும் நடக்கவில்லை. எழுதாததால் தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதலாண்டுக் கணக்கியல் மாணவர் ஒருவர் காசேட்டையும் எடுப்பனவுக் கணக்கையும் வைத்து ஒரே மாலையில் இதைக் காட்டிவிடுவார். இதற்குப் பட்டயக் கணக்காளர் தேவையில்லை.

ஸகாத்தும் அப்படியே. வியாபாரச் சரக்கை ஸகாத் கடமையாகும் நாளில் எண்ணி மதிப்பிடாமல் இரண்டரை வீதத்தைக் கணக்கிட முடியாது. மனத்தால் மதித்து ஒரு தொகையைக் கொடுத்துவிடுவது தர்மமாகலாம். கடமை நிறைவேறியதா என்ற சந்தேகம் தீராது. சட்டம் பற்றிய கேள்விக்கு ஆலிமிடம் போகவேண்டும். ஆலிமிடம் கொண்டுபோகும் எண்ணுக்குக் கணக்குத் தெரிந்தவர் வேண்டும்.

வரியும் இப்போது சிறிய கடைகளின் வாசலுக்கு வந்துவிட்டது. 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி 18 வீதமாக்கப்பட்டபோது, பதிவுக்கான வருடாந்தப் புரள்வு எல்லையும் 8 கோடி ரூபாவிலிருந்து 6 கோடியாகக் குறைக்கப்பட்டது. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் அதை 3 கோடி 60 இலட்சமாக மேலும் குறைக்க முன்மொழியப்பட்டது. மாதம் 30 இலட்சம் விற்கும் கடையொன்றின் புரள்வு அந்தத் தொகைதான். தனது வருடாந்த விற்பனை என்ன என்று ஆதாரத்துடன் சொல்லமுடியாத வியாபாரி, எல்லைக்கு உள்ளே நிற்கிறாரா வெளியே நிற்கிறாரா என்பதையே அறியமாட்டார்.

சகோதரர்கள் கூட்டாக நடத்தும் கடைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. வாப்பா உயிரோடு இருக்கும்வரை எல்லாம் வாய்ப்பேச்சில் ஓடும். அவர் மவுத்தான பின்னர் யாருடைய முதல் எவ்வளவு, யார் எவ்வளவு எடுத்தார் என்று கேள்வி எழும்போது காட்டுவதற்கு ஒரு கொப்பியும் இருக்காது. கடையும் போய் உறவும் போன குடும்பங்கள் எத்தனை! திருக்குர்ஆனின் மிக நீளமான வசனமான ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலைத் தவணை குறித்து எழுதிக்கொள்வது பற்றியே பேசுகிறது. தொகை சிறிதாயினும் எழுதுவதில் சோர்வடைய வேண்டாம் என்கிறது. எழுதத் தெரிந்தவர் நீதியாக எழுதவேண்டும், எழுத மறுக்கக்கூடாது என்றும் சொல்கிறது. கணக்குப் படிக்கும் பிள்ளையே அந்த எழுதத் தெரிந்தவர்.

"என் கணக்கை ஒரு பொடியனிடம் காட்டவா?"

வியாபாரிகள் தயங்கும் இடம் இது. தயக்கத்தில் நியாயம் உண்டு. கடையின் கொள்விலையும் கடன் பட்டியலும் வெளியே போனால் தொழிலே கெட்டுவிடும். கணக்காளர்களுக்கான சர்வதேச ஒழுக்கக் கோவை ஐந்து அடிப்படைக் கொள்கைகளை வகுத்திருக்கிறது. நேர்மை, பக்கச்சார்பின்மை, தொழில்சார் தகைமையும் உரிய கவனமும், இரகசியம் பேணல், தொழிலுக்குரிய நடத்தை என்பன அவை. இரகசியம் பேணல் ஒரு மாணவர் இறுதிப் பரீட்சை எழுதிய பின்னர் கற்கவேண்டியதல்ல. முதல் நாளிலேயே தொடங்கவேண்டிய அமானிதம்.

ஆகவே படிப்படியாகச் செல்லுங்கள். முதலில் சில்லறைச் செலவுக் கொப்பியை மட்டும் கொடுங்கள். ஒரு மாதம் ஒழுங்காகச் செய்தால் சரக்கிருப்பு எண்ண விடுங்கள். நம்பிக்கை வந்த பிறகு கடன் பட்டியலைக் காட்டலாம். கொப்பி கடையை விட்டு வெளியே போகக்கூடாது, புகைப்படம் எடுக்கக்கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ளலாம். ஒரு புதிய ஊழியரிடம் சாவியை ஒப்படைப்பதும் இப்படித்தானே?

மாணவர் பக்கமும் ஒரு பாதுகாப்பு வேண்டும். வழிகாட்டல் என்ற பெயரில் பிள்ளையைச் சம்பளமில்லாத கடைப் பையனாக்கிவிடக் கூடாது. மாதத்தில் ஒன்றிரண்டு தடவை, இரண்டு மூன்று மணித்தியாலம் போதும். அதற்குமேல் வேலை வாங்கினால் ஊதியம் கொடுக்கவேண்டும். இத்துறையில் இன்று பெண்பிள்ளைகளும் முன்னணியில் நிற்கிறார்கள். அவர்களைக் குழுவாகவும் பெற்றோரின் அறிவுடனும், முடிந்தவரை தொழில் நடத்தும் பெண்களிடமும் பெண் கணக்காளர்களிடமும் இணைத்துவிடுவது ஏற்பாட்டாளர்களின் பொறுப்பு. தையல், கேக், அழகுக்கலை, இணைய வழி விற்பனை என்று வீட்டிலிருந்தே தொழில் செய்யும் சகோதரிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கணக்கு எழுத ஆள் இல்லாமல் இருப்பவர்களும் அவர்கள்தாம்.

ஊரிலேயே ஒருநாள்

இதற்குக் கொழும்பையோ பெரிய நிறுவனங்களையோ எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. ஒரு வர்த்தகச் சங்கமும் ஒரு பாடசாலையின் பழைய மாணவர் சங்கமும் சேர்ந்தால் போதும். பாடசாலை மண்டபம் இருக்கிறது. ஊரில் கணக்கியல் படிக்கத் தொடங்கிய 30 பேர், படிப்பில் இரண்டு மூன்று வருடம் முன்னே இருக்கும் 10 பேர், வியாபாரிகள் 10 பேர். மூன்று புதியவர்கள், ஒரு சிரேஷ்ட மாணவர், ஒரு வியாபாரி என்று பத்துக் குழுக்கள்.

காலை 9 மணிக்குக் கிராஅத், பத்து நிமிட வரவேற்பு. மேடைப் பேச்சுகளை அத்தோடு நிறுத்திவிடவேண்டும். அதிதிகள் ஐந்து பேர் பேசினால் பிள்ளைகளின் காலைப்பொழுது முடிந்துவிடும். முதலில் அறிமுக விளையாட்டு, பிறகு ஈர்க்குக் கோபுரம். அதன்பின் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பை நிறையப் பில்கள், காசோலை அடிக்கட்டைகள், ஒரு வங்கிக் கூற்று, கிழிந்த கடன் கொப்பித் தாள்கள் கொடுக்கப்படும். எல்லாம் இதற்கென்றே தயாரித்தவை. "இந்தக் கடைக்கு இம்மாதம் இலாபமா நட்டமா?" என்பதுதான் கேள்வி. மாணவர் கூட்டிக் கழிப்பார். ஒரு தாளைப் பார்த்து "இந்தக் கடன் வராது" என்று வியாபாரி சொல்வார். அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று மாணவர் கேட்பார். அன்றைய நாளின் உண்மையான பாடம் அந்தக் கேள்வியில்தான் ஆரம்பமாகிறது.

ளுஹர் தொழுகைக்கும் ஒரே ஸஹனில் பகல் உணவுக்கும் பின்னர், குழுக்கள் அடுத்த ஆறு மாதத்துக்கான திகதிகளைக் குறித்துக்கொள்ளவேண்டும். இதைச் செய்யாவிட்டால் அந்த நாள் ஒரு சுற்றுலாவாகவே முடிந்துவிடும். மாதம் ஒரு முறை கடையில் சந்திப்பு. வாரம் ஒரு முறை சிரேஷ்ட மாணவருடன் கூடிப் படிப்பு. ஒரு கொப்பியில் யார் வந்தார், என்ன செய்தார் என்ற பதிவு. பரீட்சையில் ஒரு பாடம் தவறிய பிள்ளையைத் தேடிப் போகவேண்டியவர் யார் என்பதும் அன்றே தீர்மானிக்கப்படவேண்டும். ஆறு மாத முடிவில் சங்கம் மீண்டும் கூடி, 30 பேரில் எத்தனை பேர் தொடர்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும். கணக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கான திட்டத்துக்கே கணக்கில்லாமல் போகக்கூடாது.

இதற்கு வரும் செலவு ஒரு பரிசளிப்பு வைபவத்தின் செலவைவிடக் குறைவு. வியாபாரியிடம் கேட்கப்படுவது மாதத்தில் இரண்டு மணித்தியாலமும், கடையில் ஒரு கதிரையும், தேநீரும்தான். அந்தக் கதிரையில் இன்று உட்காரும் பிள்ளை, நாளை உங்கள் கடையின் கணக்காளராக வருவாரா என்பதை அல்லாஹ்வே அறிவான். வராவிட்டாலும் நட்டமில்லை, உங்கள் சொந்தக் கடையின் உண்மை நிலையை ஒருமுறையாவது எழுத்தில் பார்த்திருப்பீர்கள்.

ஆகவே, அடுத்த முறை பிள்ளை வந்து "சனிக்கிழமை நிகழ்ச்சி இருக்கு வாப்பா" என்று சொன்னால், போக விடுங்கள். மாலையில் திரும்பி வந்ததும் கோபுரம் எவ்வளவு உயரம் என்று கேளுங்கள். அதன்பின் கடைக் கொப்பியை எடுத்துக் கையில் கொடுத்து, "இதில் என்ன பிழை இருக்கிறது, பார்த்துச் சொல்லு" என்றும் கேளுங்கள்.